நடு அறையின் தரை

லென் பாஸ்க்கும் அவன் மனைவி ஆலிவும் அந்தப் பண்ணை வீட்டுக்குக் குடிவந்த அன்று மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் சஃபோக் பக்கத்தில் அக்டோபர் மாதத்து மழையை யாரும் மழை என்றே கணக்கில் எடுப்பதில்லை. டிராக்டருக்குப் பின்னால் இழுத்து வந்த வண்டியில் கட்டில்களும் மேஜையும் தையல் இயந்திரமும் கோழிக்கூண்டும் தார்ப்பாய்க்கு அடியில் நனையாமல் வந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு மெத்தையின் மேல் அவர்களுடைய நான்கு வயது மகள் மேபல் உட்கார்ந்து பாடிக்கொண்டே வந்தாள்.

லென் சின்ன வயதிலிருந்து அடுத்தவன் நிலத்தில் உழைத்தவன். போருக்குப் போய்த் திரும்பிய பிறகும் அடுத்தவன் மாட்டைத்தான் கறந்தான். குத்தகைக்காவது தன் பெயரில் ஒரு பண்ணை வேண்டும் என்று எஸ்டேட் அலுவலகத்துக்கு அலையாய் அலைந்து வாங்கிய இடம் இது. வீடு இடிந்து கிடந்திருந்தாலும் அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டான்.

வீடு இடியவில்லை. பழையது, அவ்வளவுதான். ஓக் மரத்தூண்களையும் சட்டங்களையும் இரும்பாணி இல்லாமல் மரமுளை அடித்துக் கோத்து நிறுத்தி, இடைவெளிகளில் குச்சியைப் பின்னிக் களிமண் பூசிய வீடு. எத்தனையோ தலைமுறை வெயிலிலும் குளிரிலும் மரம் முறுக்கிக்கொண்டதில், மேல்தளம் வாசல் பக்கமாகச் சற்றுக் குனிந்து நின்றது. யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதுபோல.

பழைய குத்தகைக்காரரின் மனைவி ஐவி கெரிட்ஜ் சாவியுடன் வாசலில் காத்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும், கட்டைக் குரல். அவள் கணவர் வால்டர் தங்கள் வண்டியில் ஏற்கனவே ஏறி உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு ஊன்றுகோல்கள். வைக்கோல் போரிலிருந்து விழுந்து இடுப்பு நொறுங்கிப்போனதாக ஊரில் சொன்னார்கள். அவர் கடைசிவரை வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

ஐவி விறுவிறுவென்று விஷயங்களைச் சொன்னாள். தெற்குக் காற்று அடித்தால் அடுப்பு புகையும். கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கும். பின்கதவு மழைக்காலத்தில் இறுகும், தோளால் இடிக்க வேண்டும்.

"மேல நடு ரூம்ல ஆப்பிள் கூடை, மூட்டை ஏதாவது போட்டு வெச்சுக்கோ. படுக்க வேணாம்" என்றாள்.

ஆலிவ் ஏன் என்று கேட்டாள்.

"ஈரம்." ஐவி சாவியை அவள் கையில் வைத்தாள். "உள்ள போனா சுவரோரமாப் போ, பொண்ணு. நடுவுல நடக்காத."

"பலகை உளுத்துப்போச்சா?" என்றான் லென்.

"பலகைக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் அவள். உடனே போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

லென் முதல் வேலையாக மேலே போய் அந்த அறையின் நடுவில் நின்று பூட்ஸ் காலுடன் குதித்துப் பார்த்தான். அகல அகலமான ஓக் பலகைகள். கல் மாதிரி இருந்தன. ஈரம் என்று ஐவி சொன்னதும் பொய். கீழே சமையலறைக் கணப்பின் புகைபோக்கி இந்த அறைச் சுவரை ஒட்டித்தான் மேலே போயிற்று. வீட்டிலேயே கதகதப்பான அறை அதுதான். மேபலின் கட்டிலை அங்கே போட்டார்கள்.

அறையில் ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. முன்சுவரிலிருந்து பின்சுவர் வரைக்கும், அறையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு, ஒரு பருத்த விட்டம் ஓடியது. லென்னின் நெஞ்சு உயரம். அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் குனிந்து நுழைந்துதான் போக வேண்டும். அறைக்கு நடுவில் இப்படி ஒரு மரத்தை யார் வைப்பார்கள் என்று ஆலிவ் சலித்துக்கொண்டாள். மேபலுக்கு அதுதான் குதிரை. கட்டிலிலிருந்தோ, சுவரோரத்தில் விட்டத்தைத் தாங்கும் வளைந்த முட்டுக்கட்டையில் கால் வைத்தோ அதன் மேல் ஏறிக் கால்களை இரண்டு பக்கமும் தொங்கப் போட்டுக்கொள்வாள்.

காரணம் லென்னுக்குத்தான் தெரிந்தது. ஒழுகும் ஓடுகளைச் சரிசெய்யக் கூரைக்குள் ஏறியவன் முகமெல்லாம் கரியாக இறங்கி வந்தான். கைமரங்கள் அத்தனையும் புகைக்கரி படிந்து பளபளவென்று கறுத்துக் கிடக்கின்றனவாம். அன்று சாப்பாட்டு மேஜையில் முள்கரண்டியால் கோடு போட்டுக் காட்டினான். வீட்டின் இரண்டு கோடிகளிலும் எப்போதும் மாடி உண்டு. நடுப்பகுதிக்கு மட்டும் ஆதியில் மாடியே கிடையாது. தரையிலிருந்து கூரை வரை ஒரே கூடம். கூடத்தின் நடுவில் தரையிலேயே நெருப்பு எரியும். புகை மேலே போய்க் கூரை வழியாகக் கசியும். அந்த விட்டம் அப்போது எல்லார் தலைக்கும் மேலே எங்கேயோ உயரத்தில் இருந்தது. புகைபோக்கி கட்டிய பிறகுதான் எவனோ ஒருவன் குறுக்கே பலகை அடித்து மேலே ஓர் அறையை உண்டாக்கினான்.

"அப்போ மேபல் தூங்கற எடம்?" என்று கேட்டாள் ஆலிவ்.

"வெறும் காத்து" என்றான் லென், சிரித்துக்கொண்டே.

நவம்பரில் ஒரு நாள் மத்தியானம் ஆலிவ் மேபலின் கட்டில் அருகே உட்கார்ந்து திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்து கத்தரிக்கோல் நழுவியது. அவள் எடுக்கக் குனிந்தாள்.

விழுந்த சத்தம் கேட்கவில்லை.

ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, கீழே, எங்கேயோ ஆழத்தில், செங்கல் மேல் இரும்பு மோதும் சத்தம் கேட்டது.

கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பலகைகளைக் கையால் தடவினாள். காகிதம் நுழையும் இடுக்குகூட இல்லை. கீழே இறங்கிப் போனபோது சமையலறையின் நடுவில், செங்கல் தரையில், கத்தரிக்கோல் கிடந்தது. முனை உடைந்திருந்தது. அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். மேலே கூரையின் சுண்ணாம்புப் பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை.

லென்னிடம் சொன்னபோது, கீழேயே வைத்துவிட்டு மறந்திருப்பாய் என்றான். அவளும் அப்படித்தான் நம்பப் பார்த்தாள்.

பிறகு வாசனை வந்தது. அவர்கள் எரித்தது நிலக்கரி. நடு அறையில் மட்டும் பச்சை விறகு புகையும் வாசனை. தலையணை உறையிலும் மேபலின் தலைமுடியிலும் அது தங்கியது. துவைத்தாலும் போகவில்லை. பொழுது சாயும் நேரத்தில்தான் அதிகம். அந்த மாதத்தில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். விளக்கேற்ற மேலே போகும்போது, கதவைத் திறப்பதற்கு முன்பே, அந்தப் பக்கம் அறை இல்லை, ஏதோ பெரிய வெட்டவெளி இருக்கிறது என்று ஆலிவின் காதுக்குத் தோன்றும். காலடிச் சத்தம் வித்தியாசமாக எதிரொலிக்கும்.

கதவைத் திறந்தால் அறைதான். கட்டிலும் விட்டமும் பொம்மையும்.

ஒரு சாயங்காலம் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது மேபல், கீழே இருக்கிற அம்மாவுக்கும் ஒரு துண்டு வேண்டும் என்றாள். எந்த அம்மா என்று ஆலிவ் கேட்டாள்.

"நெருப்புகிட்ட நிப்பாங்களே. ஏப்ரனை இப்படி விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு."

தன் கவுனின் ஓரத்தை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினாள். ஆப்பிள் உதிர்க்கும்போது மரத்தடியில் நிற்பவர்கள் விரிப்பார்களே, அந்த மாதிரி.

அன்றைக்கே ஆலிவ் கட்டிலைத் தங்கள் அறைக்கு இழுத்து வந்தாள். லென்னுக்குக் கோபம் வந்தது. குழந்தை சொல்வதைக் கேட்டு நீயும் ஆடுகிறாய், இந்தப் பண்ணை கிடைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா என்றான். அவளுக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

மறுநாள் மத்தியானம் மேபலை லென்னிடம் ஒப்படைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஐவியும் வால்டரும் குடிபோயிருந்த ஐவியின் தங்கை வீட்டுக்குப் போனாள்.

ஐவி அவளைப் பார்த்ததும் எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. பின்கட்டுக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். வால்டர் விழுந்தது வைக்கோல் போரிலிருந்து இல்லை என்றாள். ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் அவர் ஆப்பிள் எடுத்து வர நடு அறைக்குப் போனார். அவள் கீழே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தலைக்கு மேலே ஒரு கத்தல். அடுத்த நொடி அவர் அவளுக்கு முன்னால் செங்கல் தரையில் கிடந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேலே பூச்சு பூச்சாகவே இருந்தது. இதை யாரிடம் சொல்ல முடியும்?

ஊரில் ஒரு பேச்சு உண்டு, உண்மையோ பொய்யோ தெரியாது என்றாள். அந்தக் கூடத்துக்குக் குறுக்கே தளம் போட்ட சமயம். தச்சர்கள் உத்தரங்களை மட்டும் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். அந்த வீட்டுக் குழந்தை ஏணியில் ஏறி உத்தரத்தின் மேல் நடந்து நடுவுக்குப் போய், பயந்து, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதது. தாய் கீழே நின்று ஏப்ரனை விரித்தாள். கையை விட்டுவிடு, நான் பிடித்துக்கொள்கிறேன் என்றாள். குழந்தை விட்டுவிட்டது.

"பிடிக்க முடியல" என்றாள் ஐவி.

குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "விழறப்ப கீழ ஒருத்தி துணிய விரிச்சுக்கிட்டு நின்னாளாம். வால்டர் சொன்னாரு. விழறது இவருன்னு பாத்ததும் ஒதுங்கிட்டாளாம்."

ஆலிவ் எழுந்துவிட்டாள்.

"எங்களுக்குப் பிள்ளை இல்ல" என்றாள் ஐவி. "உன் பொண்ணு இப்ப எங்க?"

ஆலிவ் சைக்கிளை மிதித்த மிதியில் வேலிகளும் வயல்களும் எப்படிக் கடந்தன என்று அவளுக்கே தெரியவில்லை. பனிமூட்டம் தரையோடு படர்ந்திருந்தது. பண்ணைக்குள் நுழைந்தபோது மாட்டுக் கொட்டகையில் லாந்தர் வெளிச்சம் தெரிந்தது. பசு ஒன்று கன்று ஈனும் முக்கல் கேட்டது. லென் அங்கே இருந்தான்.

மேபல் அவனுடன் இல்லை.

வீட்டுக்குள் விளக்கு இல்லை. அவள் கூப்பிட்டுக்கொண்டே மாடிப்படி ஏறினாள். படி வீட்டின் கோடியில் இருந்தது. ஏறியதும் அவர்களுடைய படுக்கையறை. அதைத் தாண்டினால் நடு அறையின் கதவு. கதவு சாத்தியிருந்தது. அதன் அடியில் சிவப்பாக ஒரு வெளிச்சக் கோடு.

அந்தப் பக்கம் மேபல் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள்.

ஆலிவ் கதவைத் திறந்தாள்.

தரை இல்லை.

அவள் கால் விரல்களுக்கு முன்னால் பலகை முடிந்து போயிருந்தது. அதற்கப்பால் கீழே, வெகு கீழே, மண் தரையின் நடுவில் நெருப்பு எரிந்தது. புகை சுருள் சுருளாக மேலே வந்து அவள் கண்ணைக் கரித்தது. தலைக்கு மேலே பூச்சும் இல்லை. கறுத்த கைமரங்கள் நெருப்பொளியில் விலா எலும்புகள்போலத் தெரிந்தன.

அந்த வெட்டவெளியின் நடுவே அதே விட்டம். அதன் மேல் மேபல். கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு, குனிந்து, கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே ஒருத்தி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் ஏப்ரன் விரிந்திருந்தது.

"விடு கண்ணு" என்று அவள் மெல்லச் சொன்னாள். மெல்லச் சொன்னது அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. "அம்மா பிடிச்சுக்கறேன்."

ஆலிவ் கத்தவில்லை. கத்தினால் குழந்தை திடுக்கிட்டு விழுந்துவிடும். சுவரோரமாப் போ என்று ஐவி சொன்னது நினைவுக்கு வந்தது. சுவர்த் தூண்களை இணைத்துக்கொண்டு ஒரு கிடைச்சட்டம் ஓடியது. உள்ளங்கை அகலம் இருக்கும். அவள் ஷூக்களைக் கழற்றினாள். சட்டத்தின் மேல் ஒரு காலை வைத்து, தூணைக் கட்டிப் பிடித்து, அடுத்த காலையும் வைத்தாள். முகத்தைச் சுவரில் பதித்துக்கொண்டு தூண் தூணாக நகர்ந்தாள். மரம் சூடாக இருந்தது. கை வைத்த இடமெல்லாம் கரி வழுக்கியது.

விட்டம் சுவரைத் தொடும் இடத்துக்கு வந்தாள். தூணிலிருந்து விட்டத்துக்கு வளைந்து ஏறும் முட்டுக்கட்டையில் காலை ஊன்றி, வயிற்றால் தேய்த்துக்கொண்டு மேலே ஏறினாள். அங்கிருந்து ஊர்ந்தாள்.

"மேபல், இங்க பாரு. அம்மாவப் பாரு."

மேபல் திரும்பினாள். அவள் முகத்தில் பயமே இல்லை.

"அவங்க பிடிச்சுப்பாங்க" என்றாள்.

"நானும் பிடிச்சுப்பேன். நான் கிட்டத்துல இருக்கேன் பாரு."

குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கீழே இருந்தவள் ஓர் அடி முன்னால் வந்து, சரியாக மேபலுக்கு நேர் கீழே நின்றாள். நெருப்பு வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. ஆலிவ் அந்த முகத்தைப் பிறகு மறக்கவே இல்லை. அதில் கெடுதல் இல்லை. கோபமும் இல்லை. அவ்வளவு ஆசை இருந்தது அதில்.

மேபல் கையை விட்டாள்.

ஆலிவ் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். குழந்தை விட்டத்திலிருந்து தொங்கினாள். ஆலிவின் தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. கரி படிந்த விரல்களுக்குள் அந்தச் சின்னக் கை வழுக்கி வழுக்கி இறங்கியது. கீழே அவள் ஏப்ரனை இன்னும் உயர்த்தினாள்.

"விடு" என்றாள். இந்த முறை குழந்தையிடம் சொல்லவில்லை. ஆலிவைப் பார்த்துச் சொன்னாள்.

அப்போது கீழே பின்கதவைத் தோளால் இடிக்கும் சத்தம் கேட்டது. "ஆலிவ்" என்று லென்னின் குரல்.

நெருப்பு அணைந்தது. எல்லாம் இருட்டாயிற்று. மேபலின் கை ஆலிவின் பிடியிலிருந்து நழுவியது.

தொப்பென்று ஒரு சத்தம். குழந்தையின் முழங்கால்கள் மரப்பலகையில் மோதும் சத்தம். தன் வாழ்நாளில் அதைவிட இனிமையான சத்தத்தை அவள் கேட்டதில்லை.

மேபல் அழ ஆரம்பித்தாள். ஆலிவ் விட்டத்திலிருந்து உருண்டு இறங்கி அவளை வாரிக்கொண்டாள். பலகைத் தரையை உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பார்த்தாள். பிறகு சுவரோரமாகவே தவழ்ந்து வெளியே வந்தாள்.

சமையலறையில் லென் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தான். கையில் லாந்தர். தரையின் நடுப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தான். மனைவியின் கரி படிந்த கைகளையும் புகையில் சிவந்த கண்களையும் பார்த்தான்.

"இங்க வேணாம்" என்றான்.

அன்றே மூவரும் லென்னின் அக்கா வீட்டுக்குப் போனார்கள். குத்தகையை விட்டுவிடுவதாக எஸ்டேட்டில் அவனே போய்ச் சொன்னான். காரணம் கேட்டதற்கு மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றானாம். மறுபடியும் அடுத்தவன் மாட்டைக் கறக்கப் போனான். ஆலிவ் அந்த வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவான். ஒரே ஒரு முறை, மேபல் தூங்கிய பிறகு, தானாகவே சொன்னான்.

"நான் கதவத் தெறந்தப்ப அவ ஏப்ரனை விரிச்சபடியே நின்னு அழுதுக்கிட்டிருந்தா, ஆலிவ்."

அதற்குப் பிறகு அவர்களுக்கு வேறு ஊரில் அரசாங்க வீடு கிடைத்தது. போருக்குப் பிறகு அவசரமாகக் கட்டிய ஒற்றைத்தள வீடு. மாடி கிடையாது. பழைய மரம் ஒரு துண்டுகூடக் கிடையாது. ஆலிவ் அதைக் கேட்டு வாங்கினாள். மேபல் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். வளர்ந்தாள், பல் விழுந்து முளைத்தது. பண்ணை வீட்டைப் பற்றி அவள் பேசவே இல்லை. மறந்துவிட்டாள் என்று ஆலிவ் நினைத்தாள். அப்படி நினைப்பது சுகமாக இருந்தது.

ஒரு வசந்தகாலத்து மத்தியானம், பள்ளி விடுவதற்கு முன்பே, ஆசிரியை மிஸ் லிங்வுட் மேபலைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். ஆசிரியைக்கு முகம் வெளுத்திருந்தது. ஆலிவ் கொடுத்த தேநீரைக் குடிக்காமலே மேஜையில் வைத்தாள்.

விளையாட்டு மைதானத்து ஓரத்தில் எல்ம் மரம். மேபல் அதில் ஏறியிருக்கிறாள். பள்ளிக்கூடத்துக் கூரையைவிட உயரத்தில் கிளை முறிந்துவிட்டது. அடியில் வேலிக் கற்கள் கிடந்தன. மிஸ் லிங்வுட் ஓடினாள், ஆனால் எட்டாது என்று ஓடும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நேரா விழுந்தா, மிஸஸ் பாஸ்க். கல்லு மேலதான் விழணும். ஆனா தரைக்குக் கொஞ்சம் மேல..." அவள் நிறுத்தினாள். பிறகு இரண்டு கைகளையும் தாழ்த்தி, கனமான எதையோ தாங்கித் தொய்வதுபோலக் காட்டினாள். "இப்படி. துணியில விழுந்த மாதிரி. அப்புறம் மெதுவாப் புல்லுல எறக்கி விட்ட மாதிரி. நான் பாத்தது சரிதானான்னு எனக்கே தெரியல."

ஆலிவ் நன்றி சொல்லி அவளை அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டாள். மேபலின் கவுனைக் கழற்றி உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தாள். ஒரு சிராய்ப்பு இல்லை.

"பிடிச்சுட்டாங்கம்மா" என்று மேபல் ரகசியமாகச் சொன்னாள். "இந்தத் தடவை பிடிச்சுட்டாங்க."

பயத்துக்கு நடுவிலும் ஆலிவின் மனசின் ஒரு மூலையில் ஏதோ இளகியது. அவ்வளவு காலம் நின்றவளுக்கு ஒரு முடிவு கிடைத்துவிட்டது என்று தோன்றியது. குழந்தையின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"அப்போ அவங்க போயிட்டாங்களா, கண்ணு?"

மேபல் இல்லை என்று தலையாட்டினாள்.

"ரொம்பச் சந்தோஷம் அவங்களுக்கு. இன்னும் மேல ஏறச் சொன்னாங்க."

சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே, வீட்டுக் கூரைகளுக்கெல்லாம் மேலே நின்ற தேவாலயத்தின் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.